தோள்பட்டை வலி: ஸ்கேனுக்கு முன் கையால் செய்ய வேண்டியவை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கான முழுமையான வழிகாட்டி

"தோளு நோவுது டாக்டர், கையைத் தூக்கவே முடியல." பழைய வட ஆற்காடு முழுக்க, குடியாத்தத்திலிருந்து ராணிப்பேட்டை வரை, எந்த ஓபியில் உட்கார்ந்தாலும் முதுகுவலி, முழங்கால் வலிக்கு அடுத்துக் காதில் விழுவது இதுதான். சொல்பவர் தறி ஓட்டுபவராக இருக்கலாம், தோல் ஷெட்டில் ஈரத்தோல் தூக்குபவராக இருக்கலாம், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தைப்பவராக இருக்கலாம், பீடி சுற்றுபவராகவோ கழனி வேலைக்குப் போகிறவராகவோ இருக்கலாம். பெரும்பாலும் அவர்கள் நம்மிடம் வருவதற்கு முன்பே எண்ணெய் தேய்த்து நீவி, கட்டுப் போட்டு, எங்கோ இரண்டு மூன்று ஊசியும் போட்டிருப்பார்கள். சிலர் கடன் வாங்கி எம்ஆர்ஐ எடுத்து, அதில் இருக்கும் 'கிழிசல்' என்ற சொல்லைப் பார்த்துப் பயந்துபோய் வருவார்கள்.

தோள்பட்டை வலியில் பெரும்பகுதியை பத்து நிமிடத்தில், கையை மட்டும் வைத்துப் பிரித்துவிடலாம் என்பதை அழுத்தமாகச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஸ்கேன் மிஷின் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குத் தேவையானவை ஒரு ஸ்டூல், ஒரு திரை, ஒரு குளுக்கோமீட்டர், கொஞ்சம் பொறுமை, அவ்வளவுதான். புதிதாகப் பணியில் சேர்ந்த மருத்துவர்களையும் பிசியோதெரபிஸ்டுகளையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வலியோடு இருப்பவர்கள் படித்தாலும் தங்களுக்கு என்ன பரிசோதனை நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் படி: ஆபத்தை ஒதுக்குங்கள்

தோளைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வியை மனதில் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வலி தோளிலிருந்துதான் வருகிறதா?

இடது தோளும் கையும் வலிக்கிறது, நடந்தால் கூடுகிறது, நின்றால் குறைகிறது, கூடவே வியர்வையோ நெஞ்சில் பாரமோ இருக்கிறது என்றால் தோளை விட்டுவிட்டு உடனே ஈசிஜி எடுங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று நோயாளியே சொன்னாலும் நம்ப வேண்டாம். சுகர் உள்ளவர்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் இடத்திலேயே கொடுத்து அனுப்புவதற்காகத்தான் 2023ல் இதயம் காப்போம் திட்டம் வந்தது. மாத்திரையைக் கொடுத்து 108ஐ அழையுங்கள்.

கைகளை அசைத்தால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆனால் தோள் நுனியில் வலி என்றால் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். பித்தப்பை வலி வலது தோளுக்கு ஏறும். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண், மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது, தலைசுற்றல், அடிவயிற்று வலி, அதோடு தோள் நுனியில் வலி என்றால் கருக்குழாயில் கரு தங்கி வெடித்திருக்கலாம். அங்கே நிமிடங்கள் கூட முக்கியம்.

காய்ச்சலோடு சூடாக வீங்கிய மூட்டு, எடை குறைந்துகொண்டே போவது, எந்த நிலையில் படுத்தாலும் நிற்காத ராத்திரி வலி, முன்பு எப்போதோ வந்த புற்றுநோய், இவை எல்லாம் அன்றே மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவை. பெண்களுக்கு மார்பகத்தையும் பரிசோதியுங்கள். பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவருக்குத் தோள் வலியோடு உள்ளங்கைச் சதை மெலிந்து, ஒரு பக்கக் கண்ணிமை தொங்கினால் நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மார்பு எக்ஸ்ரே எடுத்து, கழுத்து எலும்புக்கு (காறை எலும்பு) மேலே உள்ள பகுதியைக் கவனித்துப் பாருங்கள்.

விழுந்து அடிபட்டவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோளின் உருண்டை வடிவம் போய்ச் சப்பையாகத் தெரிந்தால் மூட்டு இறங்கியிருக்கிறது. யாரும் இழுத்துப் போட முயல வேண்டாம், கூடவே எலும்பு முறிந்திருந்தால் நரம்பும் ரத்தக் குழாயும் போய்விடும். மணிக்கட்டில் நாடி பாருங்கள், தோளின் வெளிப்புறத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று பாருங்கள், குறித்துவைத்துவிட்டு எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள். வலிப்பு வந்த பிறகோ மின்சாரம் தாக்கிய பிறகோ கை உள்பக்கம் திரும்பியபடி பூட்டிக்கொண்டது போல் இருந்தால், மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கலாம். நேர் எக்ஸ்ரேவில் இது பல சமயம் ஒன்றுமில்லாதது போலவே தெரியும். பக்கவாட்டுப் படமும் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்றை அடிக்கடி கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் வண்டியிலிருந்து விழுகிறார், எக்ஸ்ரேவில் முறிவு இல்லை, ஆனால் கையைத் தானாகத் தூக்க முடியவில்லை. 'சதைப் பிடிப்பு' என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அது தோள் தசைநாண், அதாவது தசையை எலும்போடு சேர்க்கும் நார், அறுந்ததாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்குள் எலும்பு மருத்துவர் பார்த்துவிட்டால் தைத்துச் சேர்க்கும் வாய்ப்பு நல்லபடியாக இருக்கும். மாதங்கள் போனால் தசை சுருங்கிக் கொழுப்பேறி, தைத்தாலும் பலன் குறைந்துவிடும்.

இரண்டாம் படி: வேலையைக் கேளுங்கள், ராத்திரியைக் கேளுங்கள்

"என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டு 'கூலி' என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். குடியாத்தத்துத் தறிக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டி, மறு கையால் பலகையை அடிப்பதைக் காற்றிலேயே செய்து காட்டுவார். அந்த அரை நிமிடத்தில் எந்தக் கை, எந்த உயரத்தில், எத்தனை வேகத்தில் என்று தெரிந்துவிடும். தோல் காயப்போடுபவர் தலைக்கு மேலே கையை வைத்தே நாள் முழுக்க வேலை செய்கிறார், அவருக்குத் தோள் தசைநாண் கோளாறு வர எல்லா வாய்ப்பும் உண்டு. முறத்தை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றும் அம்மாவுக்கு வலி கழுத்திலிருந்து இறங்குவதை நான் அதிகம் பார்க்கிறேன். கழுத்தை முதலில் பாருங்கள்.

அப்புறம் அன்றாட வேலைகள். ஜாக்கெட் போடும்போது கை நுழைகிறதா? தலை பின்ன முடிகிறதா? புடவையைப் பின்னால் சொருக முடிகிறதா? ஆண்களிடம் பின் பாக்கெட்டிலிருந்து பர்ஸ் எடுக்க முடிகிறதா, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்க முடிகிறதா என்று கேளுங்கள். முதுகுக்குப் பின்னால் கை போகவில்லை என்பது மூட்டு இறுகத் தொடங்கியதற்கு நல்ல துப்பு. தூக்கும்போது மட்டும் ஒரு கட்டத்தில் 'சுரீர்' என்கிறது, அதைத் தாண்டினால் பரவாயில்லை என்றால் தசைநாண் பக்கம் யோசியுங்கள்.

ராத்திரி தூக்கம் எப்படி என்று கட்டாயம் கேளுங்கள். அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்பது சகஜம். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டவருக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் வீட்டில் செய்ய மாட்டார். முதலில் தூங்க வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: கழுத்தா, தோளா?

இதற்கு ஒரு நிமிடம் போதும். கழுத்தை நான்கு பக்கமும் திருப்பச் சொல்லுங்கள். கழுத்தைத் திருப்பும்போதே தோள் வலி வந்தால், வலி முழங்கைக்குக் கீழே விரல் வரை இறங்கினால், விரல்கள் மரத்துப்போனால், கழுத்து நரம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். வலிக்கிற பக்கமாகத் தலையைச் சாய்த்து மெதுவாக அழுத்தினால் கை முழுக்க 'விர்'ரென்று இழுப்பதும் அதையே காட்டும். தோள் மூட்டு வலி பெரும்பாலும் மேற்கையின் வெளிப்புறத்தில், முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். நோயாளி உள்ளங்கையால் மேற்கையைப் பொத்திக் காட்டுவார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள சதையைப் பிடித்துக் காட்டினால் கழுத்து.

விரல் மரத்துப்போவதாகச் சொன்னால் முழங்கை உள்பக்க நரம்பைத் தடவிப் பாருங்கள், தோலில் உணர்வில்லாத வெளிறிய தேமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரிகிரி தொழுநோய் மருத்துவமனை இருக்கிற மாவட்டத்தில் வேலை செய்கிற நமக்கு இந்தப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது.

நான்காம் படி: சட்டையைக் கழற்றி, கையைத் திருப்புங்கள்

மொத்த வழிகாட்டியிலும் இந்தப் படிதான் உயிர். சட்டைக்கு மேலே தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதுவதால்தான் பாதிப் பேர் தவறான சிகிச்சையோடு போகிறார்கள். பெண்களுக்குத் திரை போடுங்கள், செவிலியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், என்ன செய்யப் போகிறீர்கள் என்று முன்பே சொல்லுங்கள். இரண்டு தோளும் தெரிய வேண்டும். முதலில் பின்னால் நின்று பாருங்கள். தோள்பட்டை எலும்பின் மேலும் கீழும் சதை குழி விழுந்திருக்கிறதா? எலும்பு ஒரு பக்கம் இறக்கை போல் துருத்துகிறதா?

அடுத்து அசைவு. முதலில் நோயாளியே கையைத் தூக்க வேண்டும். பிறகு அவர் கையைத் தளர்த்தி விட, நீங்கள் தூக்க வேண்டும். அவர் தூக்கும்போது பாதியில் நிற்கிறது, நீங்கள் தூக்கினால் முழுதாகப் போகிறது என்றால் மூட்டு நன்றாக இருக்கிறது, தூக்குகிற தசைநாணில்தான் கோளாறு. அவர் தூக்கினாலும் நீங்கள் தூக்கினாலும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் மூட்டே இறுகியிருக்கிறது.

இதைச் சோதிக்க ஆகச் சிறந்த அசைவு வெளிப்பக்கம் திருப்புவதுதான். நோயாளியை ஸ்டூலில் உட்கார வையுங்கள். இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், முழங்கை செங்கோணத்தில் மடங்கியிருக்கட்டும், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். நீங்கள் எதிரே உட்கார்ந்து, இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, கதவைத் திறப்பது போல ஒரே நேரத்தில் வெளியே திருப்புங்கள். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது.

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, ஊதுவத்தி உருட்டுபவர், நான்கு மாத வலியோடு வந்தார். அவர் கையை இப்படித் திருப்பும்போது வலது கை தாராளமாக வெளியே போனது. இடது கை கொஞ்சம் நகர்ந்து, சுவரில் முட்டியது போல நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியபோது கை போகவில்லை, அவர் இடுப்போடு சேர்ந்து உடம்பே திரும்பியது. அந்த இடத்திலேயே "அம்மா, உங்களுக்குச் சுகர் இருக்கா?" என்று கேட்டேன். "பார்த்ததே இல்ல டாக்டர்" என்றார். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் 280. அவருக்கு இறுகிய தோள், அதை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தது அதுவரை தெரியாமலே இருந்த சுகர். எம்ஆர்ஐ எடுத்திருந்தாலும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லியிருக்காது.

வெளிப்பக்கத் திருப்பம் மற்ற கையில் பாதிக்குக் கீழே இருந்தால் மூட்டு இறுகியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். அது நன்றாக இருந்தால் மட்டும் அடுத்த சோதனைகளுக்குப் போங்கள்.

பக்கவாட்டில் கையைத் தூக்கும்போது 60 பாகையிலிருந்து 120 பாகை வரை மட்டும் வலித்தால் தசைநாண். எல்லாம் தாண்டி உச்சிக்குப் போகும்போது, தோளின் மேல்நுனியில் ஒரே விரலால் காட்டும்படி வலித்தால், அல்லது கையை மார்புக்குக் குறுக்கே எதிர்த் தோளுக்குக் கொண்டுபோகும்போது அங்கேயே வலித்தால், கழுத்து எலும்பும் தோள் எலும்பும் சேரும் சின்ன மூட்டுதான் காரணம். தூக்கிய கையை மெதுவாக இறக்கச் சொல்லும்போது பிடிப்பில்லாமல் 'தொப்'பென்று விழுந்தால், அல்லது நீங்கள் வெளிப்பக்கம் திருப்பி விட்ட கையை அவரால் அங்கேயே நிறுத்திவைக்க முடியாமல் உள்ளே திரும்பி வந்தால், பெரிய கிழிசல் இருக்கலாம். வலியால் தளர்வதற்கும் வலுவே இல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. தோளின் பக்கவாட்டில் மரத்துப்போக வைக்கும் லிக்னோகைன் மட்டும் ஊசியாகப் போட்டு, வலி போன பிறகும் தூக்க முடியவில்லை என்றால் வலு இல்லை என்று உறுதி.

இளைஞர்கள், முக்கியமாகக் கபடி, கைப்பந்து ஆடுபவர்கள், பந்து எறிவது போலக் கையை மடக்கிப் பின்னால் கொண்டுபோனதும் முகம் சுளித்து 'நழுவிடும் சார்' என்று பதறினால் மூட்டு தளர்ந்திருக்கிறது. 25 வயதுக்குள் முதல் தடவை இறங்கிய தோள் மறுபடி இறங்க வாய்ப்பு மிக அதிகம். அவர்களை எலும்பு மருத்துவரிடம் அனுப்புவதே சரி.

எந்தச் சோதனையும் தனியாக நூற்றுக்கு நூறு நம்பத் தகுந்தது இல்லை. வேலை, வயது, அசைவு மூன்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

ஐந்தாம் படி: என்ன டெஸ்ட் எழுதலாம்

நாற்பது வயதுக்கு மேல் தோள் வலி என்று வந்த எல்லோருக்கும் சுகர் பாருங்கள். தோள் இறுகியிருந்தால் மூன்று மாதச் சராசரி சுகரும் தைராய்டும் பார்ப்பது நல்லது. பொதுவாக நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும் இறுகிய தோள், சுகர் உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வரும் என்பது மருத்துவ நூல்களில் சொல்லப்படும் கணக்கு. ஐம்பது வயதுக்கு மேல் இரண்டு தோளும் இரண்டு இடுப்பும் காலையில் ஒரு மணி நேரம் போல் விறைத்துக் கிடந்தால், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனை பாருங்கள்.

அடிபட்டிருந்தால், ஆபத்து அறிகுறி இருந்தால், மூட்டு இறுகியிருந்தால், ஆறு வாரத்தில் குறையாவிட்டால் எக்ஸ்ரே. இறுகிய தோளில் எக்ஸ்ரே சாதாரணமாகவே இருக்கும். தேய்மானம் என்றால் மூட்டு இடைவெளி குறைந்து தெரியும். வயதும் சுகரும் பொருந்தி வராத ஒருவருக்குத் தோள் இறுகி, சதை வேகமாக மெலிந்தால் காசநோயை நினையுங்கள். தோள் மூட்டுக் காசநோய் சீழோ வீக்கமோ இல்லாமல் வறண்டே இருக்கும், இறுகிய தோள் போலவே ஏமாற்றும்.

எம்ஆர்ஐ பற்றி நோயாளிகளிடம் இதைச் சொல்லுங்கள்: அறுபது வயதுக்கு மேல் வலியே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் பலருக்குத் தசைநாணில் கிழிசல் தெரியும். தலைமுடி நரைப்பது மாதிரி வயதோடு வருவது அது. எனவே ஸ்கேனில் கிழிசல் இருப்பதும் அதுதான் வலிக்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல. அறுவைச் சிகிச்சை யோசிக்கும்போது மட்டும் ஸ்கேன் எடுத்தால் போதும்.

ஆறாம் படி: சிகிச்சை

முதல் மருந்து விளக்கம். "எலும்பு தேஞ்சுபோச்சு", "நரம்பு அறுந்துபோச்சு" என்று சொல்லி அனுப்பினால் அவர் கையை அசைக்கவே பயப்படுவார். அசைக்காமல் வைத்த தோள் இறுகும். கழுத்தில் தூளி மாட்டி வாரக்கணக்கில் தொங்கவிடுவதும், முறிவு இல்லாத தோளுக்கு எண்ணெய்க் கட்டுப் போட்டு உடம்போடு சேர்த்துக் கட்டிவைப்பதும் இந்தக் கெடுதலைத்தான் செய்யும். கட்டுப் போட்டுக்கொண்டு வருபவரைத் திட்டாதீர்கள். அவர் வலி தாங்காமல் போயிருக்கிறார். கட்டைப் பிரித்து, கையை அசைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

வலி மாத்திரையில் பாராசிட்டமாலில் தொடங்கலாம், ஒரு நாளைக்கு மொத்தம் 3 கிராமுக்குள். போதவில்லை என்றால் ஐபுபுரோஃபன், டைக்ளோபெனாக் போன்றவற்றை ஒரு வாரம் பத்து நாளுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு, அல்சர், இதய நோய், கட்டுக்குள் வராத பிரஷர் உள்ளவர்களுக்கு இவை வேண்டாம். மேலே தடவும் ஜெல் அவர்களுக்கு நல்லது. வாராவாரம் எங்கோ ஊசி போட்டுக்கொள்கிறார், பெயரில்லாத பொடி சாப்பிடுகிறார் என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பியிருக்கிறதா, சுகர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நாள் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தச் சொல்லக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ராத்திரிக்கு ஒரு யோசனை: மல்லாந்து படுத்து, வலிக்கும் கையின் முழங்கைக்கு அடியில் மடித்த போர்வையை வைக்கச் சொல்லுங்கள். நல்ல பக்கம் சாய்ந்து படுத்தால் வயிற்றுக்கு முன்னால் ஒரு தலையணையை வைத்து அதன்மேல் கையைப் போட்டுக்கொள்ளலாம்.

உடற்பயிற்சி. தாளில் படம் போட்டுக் கொடுத்தால் போதாது, உங்கள் எதிரிலேயே ஒரு தடவை செய்ய வையுங்கள். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் தோள் தசைநாண் வலி உள்ள 708 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021ல் லான்செட் இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் ஒரே ஒரு முறை நன்றாக விளக்கிப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தவர்களும், ஆறு முறை வரை வரவழைத்துப் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தவர்களும் ஒரு வருட முடிவில் ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தார்கள். அணைக்கட்டு மலையடிவாரத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவருக்கு இது பெரிய செய்தி. அந்த ஒரு சந்திப்பை முழு மனதோடு செய்தால் போதும்.

இறுகிய தோளுக்கு: பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு மேஜையைப் பிடித்துக் குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஆட்டுவது. சுவரில் விரல்களால் மேலே ஏறி, எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவது, அடுத்த வாரம் கோடு எங்கே என்று பார்ப்பது. மல்லாந்து படுத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, துடைப்பக்கட்டையை இரண்டு கையிலும் பிடித்து, நல்ல கையால் தள்ளி வலிக்கும் கையை வெளியே திருப்புவது. முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து மேல் கையால் இழுப்பது. ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலை மாலை. ஆரம்ப மாதங்களில், வலி உச்சத்தில் இருக்கும்போது, முரட்டுத்தனமாக நீவி இழுத்தால் இன்னும் மோசமாகும்.

தசைநாண் வலிக்கு: முதல் வாரங்களில் கையை அசைக்காமல் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளுவது, ஐந்து விநாடி பிடித்து விடுவது. அப்புறம் சைக்கிள் ட்யூபை நீளமாக வெட்டி ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை உடம்போடு ஒட்டி வெளியே இழுப்பது. இரண்டு தோள்பட்டை எலும்பையும் பின்னால் சேர்த்துப் பிடிப்பது. பன்னிரண்டு வாரமாவது தொடர வேண்டும். செய்யும்போது தாங்கக்கூடிய வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் அது கூடியே இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

வேலையை விடச் சொல்லாதீர்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவரால் முடியாது, நீங்கள் சொன்னதில் மற்றதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். தோல் மாட்டும் கம்பிக்கு அருகே ஒரு படிக்கட்டையைப் போட்டு நின்றால் கை தோள் உயரத்துக்கு இறங்கும். தண்ணீர்க் குடத்தை இடுப்பு மாற்றி எடுப்பது, அரை மணிக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் கையைத் தொங்கவிடுவது, இப்படி அவரால் செய்ய முடிந்ததைச் சேர்ந்து யோசியுங்கள்.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்களின் தோளுக்கு ஒரே விதி: அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. உட்காரும்போது முழங்கைக்கு அடியில் தலையணை வேண்டும். இவர்களைப் போல மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்டே வீட்டுக்கு வருகிறார். பெயரைப் பதிவு செய்து கொடுங்கள்.

ஏழாம் படி: மூட்டு ஊசி யாருக்கு?

ஊசி என்றதும் சிலர் 'எலும்பு கரைஞ்சிடும்' என்று பயப்படுவார்கள், சிலர் ஊசி மட்டும் போதும் என்பார்கள். இரண்டுமே சரியில்லை. தூக்கமே இல்லாத அளவு வலி, பயிற்சியே செய்ய முடியாத நிலை என்றால் ஊசி வழி திறந்துவிடும். இறுகிய தோளின் முதல் சில மாதங்களில் இதன் பலன் நன்றாக இருக்கும். தசைநாண் வலிக்குச் சில வாரங்களுக்குத்தான் நிவாரணம், அந்த வாரங்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஸ்டீராய்டு மருந்தான மெத்தில்பிரெட்னிசோலோன் அல்லது டிரையாம்சினோலோன் 40 மில்லிகிராம், லிக்னோகைனோடு சேர்த்து. தசைநாணுக்கு என்றால் தோள் எலும்பின் பின் வெளிமூலைக்குச் சற்றுக் கீழே நுழைந்து, எலும்பின் அடிப்பக்க இடைவெளியை நோக்கி. மூட்டுக்குள் என்றால் அதே மூலைக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே, ஒரு சென்டிமீட்டர் உள்ளே, முன்பக்கக் கொக்கி எலும்பைக் குறிவைத்து. மருந்து தடையில்லாமல் போக வேண்டும், தடை இருந்தால் அழுத்தாதீர்கள், தசைநாணுக்குள் இருப்பீர்கள். நேரில் ஒருவரிடம் கற்றுக்கொண்டு கைப்பழக்கம் வந்த பிறகே தனியாகப் போடுங்கள். காய்ச்சல், அந்த இடத்தில் புண், மூட்டில் சீழ் சந்தேகம் இருந்தால் கூடவே கூடாது. ரத்தம் உறையாமைக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சுகர் உள்ளவருக்கு ஒரு வாரம் வரை சுகர் ஏறும் என்று முன்பே சொல்லி, தினமும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டுக்கடங்காத சுகர் என்றால் முதலில் அதைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ஒரே தோளில் மூன்று ஊசிக்கு மேல் போக வேண்டாம், இடையில் ஆறு வாரமாவது விடுங்கள்.

எட்டாம் படி: மறுபடி பாருங்கள், தேவைப்பட்டால் அனுப்புங்கள்

இரண்டு வாரத்தில் ஒரு முறை, ஆறு வாரத்தில் ஒரு முறை வரச் சொல்லுங்கள். ஓபி சீட்டில் 'வலி குறைவு' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. கட்டை விரல் முதுகில் எதுவரை போகிறது, இடுப்பா, ஜாக்கெட் விளிம்பா, என்று எழுதுங்கள். வெளிப்பக்கத் திருப்பத்தை மற்ற கையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். அடுத்து வேறு மருத்துவர் பார்த்தாலும் தொடர முடியும்.

இறுகிய தோள் ஒன்று முதல் மூன்று வருடம் வரை இழுக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதலில் வலியும் இறுக்கமும் கூடும், பிறகு வலி குறைந்து இறுக்கம் மட்டும் நிற்கும், அப்புறம் மெல்லத் தளரும். சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் மிச்சம் இருந்துவிடும். இது தெரியாமல்தான் மாதம் ஒரு மருத்துவமனை என்று அலைந்து பணத்தைக் கரைக்கிறார்கள்.

ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஒழுங்காகப் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லை, வலு இல்லை, மூட்டு அடிக்கடி இறங்குகிறது, எக்ஸ்ரேவில் தேய்மானம் கடுமையாக இருக்கிறது என்றால் அனுப்ப வேண்டிய நேரம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ எழுதும்போது, தோள் எலும்பின் அடியைச் சீவிவிடும் அறுவைச் சிகிச்சைதான் தீர்வு என்று நோயாளிக்கு நம்பிக்கை கொடுத்து அனுப்பாதீர்கள். தசைநாண் வலிக்கு அந்த அறுவைச் சிகிச்சையையும், உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சீவாமல் மூடியதையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2018ல் வந்தது. இரண்டுக்கும் நோயாளிக்குத் தெரியும் அளவில் வித்தியாசமே இல்லை.

பரிந்துரைக் கடிதத்தில் இவை இருந்தால் எதிரே இருப்பவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை: எந்தக் கை, எழுதும் கையா, என்ன வேலை, எத்தனை மாதம், அடிபட்டதா, வெளிப்பக்கத் திருப்பம் எவ்வளவு, தானாகத் தூக்குவது எவ்வளவு, நாம் தூக்கினால் எவ்வளவு, சுகர் அளவு, எந்த மாத்திரை எத்தனை நாள், ஊசி போட்ட தேதியும் மருந்தின் பெயரும், என்னென்ன பயிற்சி எத்தனை வாரம். கடிதத்தின் ஒரு நகலை நோயாளியின் பையிலும் வைத்து அனுப்புங்கள்.